ஆம்புலன்ஸ் நிற்கிறது, நாம் பாட்டுக்குப் போகலாமா?

கேள்வி: நங்கநல்லூரிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் மதுராந்தகத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன் முடிந்து ராத்திரி ஜி.எஸ்.டி. ரோட்டில் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஓட்டியது என் கணவர். கூடுவாஞ்சேரிக்கு முன்னால் இடது ஓரத்தில் ஒரு 108 ஆம்புலன்ஸ் விளக்கு மின்ன நின்றுகொண்டிருந்தது, ஒரு பைக் விழுந்து கிடந்தது. இவர் வேகத்தைக் குறைக்கவில்லை, எழுபது இருக்கும். சரியாக நாங்கள் கடக்கும்போது ஆம்புலன்ஸ் டிரைவர் கதவைத் திறந்து இறங்கினார், நூலிழையில் தப்பினார். கொஞ்சம் தள்ளி நின்ற போலீஸ்காரர் வண்டியை ஓரம் கட்டச் சொல்லிக் கண்டபடி திட்டினார், ஆனால் அபராதம் எதுவும் போடவில்லை. “ஆம்புலன்ஸ் வந்தால் வழிவிடணும், சரி. நிற்கிற வண்டிக்கு நான் எதுக்கு ஒதுங்கணும்? எந்தச் சட்டத்தில் இருக்கு?” என்று இவர் இன்னும் குதித்துக்கொண்டிருக்கிறார், அந்தப் போலீஸ்காரர் மேல் புகார் கொடுக்கப் போகிறாராம். டல்லாஸில் இருக்கும் எங்கள் பையனோ “அங்கே இப்படிப் போனால் டிக்கெட் கொடுத்துவிடுவார்கள்” என்கிறான். அடுத்த மாதம் அவனிடம் போகிறோம், இவர் அங்கேயும் கார் ஓட்டுவேன் என்கிறார். யார் சொல்வது சரி? இன்னொன்று, சிக்னலில் ஆம்புலன்ஸுக்கு வழிவிடக் கோட்டைத் தாண்டினால் கேமரா அபராதம் வருமா?

பதில்: அம்மா, வணக்கம். சார் சொல்வதில் பாதி சரி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியை அவர் படிக்க மாட்டார்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் திருத்தம் கொண்டுவந்தபோது 194-ஈ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். தீயணைப்பு வண்டியோ ஆம்புலன்ஸோ மாநில அரசு குறிப்பிடும் வேறு அவசர வாகனமோ வரும்போது ஓரம் ஒதுங்கி வழிவிடாமல் போனால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதத் தொகைகளை உயர்த்தினார்களே, அப்போது எல்லார் வாயிலும் அடிபட்ட பத்தாயிரம் இதுதான். ஆனால் இந்தப் பிரிவு பேசுவது சைரன் போட்டுக்கொண்டு நம் பின்னாலோ எதிரிலோ வருகிற வண்டியைப் பற்றி. ஓரமாக நிறுத்திவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருக்கும் ஆம்புலன்ஸை நாம் கடந்து போகும்போது இத்தனை வேகத்தில்தான் போக வேண்டும், ஒரு லேன் தள்ளித்தான் போக வேண்டும் என்று நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் தனியாக ஒரு பிரிவு கிடையாது. அன்றைக்கு அந்தப் போலீஸ்காரர் திட்டியதோடு விட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், அல்லது அந்த நேரத்தில் அவருக்கு வேறு வேலை நிறைய இருந்திருக்கலாம்.

உங்கள் பையன் சொல்வது முழுக்கச் சரி. அமெரிக்காவில் ஐம்பது மாநிலங்களிலும் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. அது வந்த கதை கேட்க வேண்டிய ஒன்று. 1994-ல் தெற்கு கரோலினாவில் ஒரு விபத்து நடந்த இடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆம்புலன்ஸ் மருத்துவ ஊழியர் ஒருவரைக் கார் இடித்துவிட்டது. போலீஸ் அறிக்கையில் தப்பு யார் மேல் என்று எழுதினார்கள் தெரியுமா, அடிபட்ட அந்த ஊழியர் மேல். ரோட்டில் நின்றது அவர்தானே என்று. மனிதர் சும்மா இருக்கவில்லை, சட்டம் வேண்டும் என்று அலைந்து திரிந்து 1996-ல் அந்த மாநிலத்தில் வாங்கியே விட்டார், அப்புறம் ஒவ்வொரு மாநிலமாகப் பின்பற்றி, கடைசியாக 2012-ல் ஹவாயும் சேர்ந்துகொண்டது. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தில் 2017 முதல், விளக்கு மின்ன நிற்கும் அவசர வாகனத்தைக் கடக்கும்போது 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

சரி, இங்கே தனிப் பிரிவு இல்லை, அதனால் எழுபதில் போகலாம் என்று சார் வாதாடினால், அங்கேதான் அவருடைய மீதிப் பாதி தப்பு. எந்தச் சட்டத்திலும் ஒவ்வொரு சூழ்நிலைக்கும் ஒரு பிரிவு எழுதி வைக்க மாட்டார்கள். 184-வது பிரிவு இருக்கிறது, அபாயகரமாக ஓட்டுவது. அதற்கு 2019-ல் ஒரு விளக்கமும் சேர்த்தார்கள்: சிவப்பு விளக்கைத் தாண்டுவது, ஓட்டும்போது கையில் போன் வைத்திருப்பது, முறைகேடாக முந்துவது, எதிர்த்திசையில் வருவது, இதெல்லாம் போக, திறமையும் கவனமும் உள்ள ஓட்டுநர் எப்படி ஓட்டுவாரோ அதற்கு வெகுவாகக் கீழே இருக்கும்படி ஓட்டுவதும் அதில் அடங்கும். முதல் தடவைக்கே ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸையும் வாங்கி வைத்துக்கொள்ள போலீஸுக்கு அதிகாரம் உண்டு. ரோட்டில் ஒருவர் விழுந்து கிடக்க, நாலு பேர் குனிந்து அவரைத் தூக்கிக்கொண்டிருக்க, பக்கத்தில் எழுபதில் உரசிக்கொண்டு போவது கவனமான ஓட்டுநர் செய்கிற வேலையா என்று எந்த மாஜிஸ்திரேட்டிடம் கேட்டாலும் என்ன பதில் வரும் என்று சாருக்கே தெரியும். இந்த யோசனை நமக்குப் புதிதும் இல்லை. 1989-ல் வந்த சாலை விதிகளிலேயே, ஊர்வலத்தையோ ரோடு போடும் தொழிலாளர்களையோ கடக்கும்போது 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று இருந்தது. யாரும் சட்டை செய்யவில்லை, அது வேறு விஷயம்.

இதெல்லாம் யார் மேலும் படாமல் போனால். பட்டிருந்தால் கதையே வேறு. காயம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவில் 281, 125 ஆகிய பிரிவுகள், ஆள் போய்விட்டால் 106(1), அதில் ஐந்து வருடம் வரை சிறை.

நான் பார்ப்பது பெரும்பாலும் விபத்து இழப்பீட்டு வழக்குகள், கோர்ட் பாஷையில் எம்.சி.ஓ.பி. ஐகோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில்தான் என் பகல் பொழுது போகிறது. அங்கே கார் ஓட்டியவரைக் கூண்டில் ஏற்றி எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கிற கேள்வி ரொம்பச் சின்னது. “ஆம்புலன்ஸ் விளக்கு உங்களுக்கு எவ்வளவு தூரத்திலேயே தெரிந்தது?” அவ்வளவுதான். தூரத்திலேயே தெரிந்தது என்றால், அப்புறம் ஏன் பிரேக்கைத் தொடவில்லை? தெரியவில்லை என்றால், அந்த வெளிச்சமே கண்ணில் படாத நீங்கள் ரோட்டில் எதைப் பார்த்து ஓட்டினீர்கள்? எந்தப் பக்கம் பதில் சொன்னாலும் மாட்டிக்கொள்வார்கள். சாதாரணமாக நின்ற லாரியில் மோதிய வழக்கு என்றால் இருட்டாக இருந்தது, பார்க்கிங் லைட் போடவில்லை, ரிஃப்ளெக்டர் இல்லை என்று நின்ற வண்டி மேலும் ஒரு பங்கு தப்பைத் தள்ளி வாதாட இடம் இருக்கும். மேலே சிவப்பும் நீலமும் மின்ன நின்ற ஆம்புலன்ஸ் விஷயத்தில் அந்த வாதம் எடுபடுவது கஷ்டம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த டிரைவர் கதவைத் திறந்து இறங்கிய இடம். 108-ல் டிரைவரைப் பைலட் என்பார்கள், கூட வருகிற மருத்துவ உதவியாளர் ஈ.எம்.டி. நம் ஊரில் ஸ்டியரிங் வலது பக்கம், வண்டி நிற்பது இடது ஓரம். ஆக பைலட் இறங்க வேண்டிய கதவு நேராக நாம் போகிற லேனுக்குள் திறக்கிறது, அவருக்கு வேறு வழி கிடையாது. இறங்கி, பின்கதவைத் திறக்க வண்டியின் வலது பக்கமாகவே ஓடுவார், பெரும்பாலும் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பின்கதவு இரண்டும் விரிந்து திறந்தால் ஸ்ட்ரெச்சரை இழுக்க இன்னும் ஒரு ஆள் நீளம் இடம் வேண்டும். அந்த நேரத்தில் அவர் கண்ணெல்லாம் ரத்தம் போய்க்கொண்டிருக்கிற ஆள் மேல் இருக்கும், சார் வருகிற கார் மேல் இருக்காது. அவர் நம்மைப் பார்க்க மாட்டார் என்று வைத்துக்கொண்டுதான் நாம் ஓட்ட வேண்டும்.

கணக்கையும் பார்த்துவிடலாம், சார் கணக்கு கேட்கிற ஆள் போலத் தெரிகிறது. எழுபது கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 19 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. கதவு திறப்பதைக் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்தாலும் அதற்குள் சுமார் 29 மீட்டர் போய்விடும், அதற்கு மேல்தான் பிரேக்கே பிடிக்க ஆரம்பிக்கும். காய்ந்த ரோட்டில், நல்ல டயரில், மொத்தமாக நிற்க அறுபது மீட்டர் வேண்டும். நாற்பதில் வந்திருந்தால் முப்பது மீட்டருக்குள் முடிந்திருக்கும். கதவு திறந்தது உங்களுக்கு எத்தனை மீட்டர் முன்னால் என்று நினைவிருக்கிறதா? “சரியாக நாங்கள் கடக்கும்போது” என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அன்றைக்கு அவர் பிழைத்தது சாரின் டிரைவிங்கால் இல்லை.

இனி எப்படிக் கடப்பது என்று கேட்டால், விளக்கு மின்னுவது தெரிந்ததுமே காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்துவிடுங்கள், சடன் பிரேக் வேண்டாம், பின்னால் வருகிற லாரிக்காரன் அந்த விளக்கையே வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவான், ஹஸார்டு லைட்டை நாலு தடவை மின்னவிட்டால் அவனுக்கும் புரியும். கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, வலது லேன் காலியாக இருந்தால் முழுசாக அதற்குப் போய்விடுங்கள், பாதி இதிலும் பாதி அதிலுமாக வேண்டாம். மதுரவாயல் பைபாஸ், வெளிவட்டச் சாலை மாதிரி இடங்களில் இது சுலபம். ஊருக்குள் லேன் மாற இடமே இருக்காது, அங்கே வேகத்தை இருபது முப்பதுக்குக் கொண்டுவந்து, ஒரு கதவு அகலமாகத் திறந்தாலும் இடிக்காத அளவுக்கு விலகிப் போனால் போதும். அதுவும் முடியாத சந்து என்றால் நின்றுவிடுங்கள், அவர்கள் கை காட்டிய பிறகு போகலாம், ஹாரன் மட்டும் அடிக்காதீர்கள். கண்ணை விளக்கின் மேல் வைக்காமல் நீங்கள் போக வேண்டிய இடைவெளியின் மேல் வையுங்கள், ராத்திரியில் எங்கே உற்றுப் பார்க்கிறோமோ அந்தப் பக்கமாகக் கை தானாகவே வண்டியைக் கொண்டுபோகும்.

தீயணைப்பு வண்டி நின்றால் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும், ரோட்டின் குறுக்கே ஹோஸ் கிடக்கும். தண்ணீர் ஏறிய ஹோஸ் மேல் சக்கரம் ஏறினால் மறுமுனையில் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு அது உதறல். ரெக்கவரி வேன், கிரேன், ரோந்து ஜீப் எல்லாவற்றுக்கும் இதே மரியாதைதான்.

பைக்காரர்களுக்கு இங்கேயே ஒரு வார்த்தை, உங்கள் வீட்டில் யாராவது ஓட்டினால் காட்டுங்கள். வலது பக்கம் டிராஃபிக் கட்டி நின்றால் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள், ஆம்புலன்ஸுக்கு இடது பக்கமாக, அந்த மண் ஓரத்தில் புகுந்து போகிறார்கள். அடிபட்டவரைப் பெரும்பாலும் படுக்க வைத்திருப்பதே அந்த மண்ணில்தான். செருப்பு, ஹெல்மெட், உடைந்த கண்ணாடி எல்லாவற்றையும் தாண்டி, குனிந்து குளுகோஸ் ஏற்றிக்கொண்டிருக்கிற ஈ.எம்.டி.யின் முழங்காலை உரசிக்கொண்டு போகிற பைக்கை நானே பார்த்திருக்கிறேன். அது அவசரம் கூட இல்லை, பழக்கம்.

நின்று உதவியிருக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 108 வந்துவிட்டது என்றால் நிற்க வேண்டாம், நம் காரும் இன்னொரு இடைஞ்சல்தான், போனை எடுத்து வீடியோ பிடிப்பது அதைவிட மோசம், ஓட்டிக்கொண்டே பிடித்தால் மேலே சொன்ன 184 நேராகவே பாயும். யாரும் வராத இடத்தில் முதலில் பார்த்தது நீங்கள் என்றால் காரைத் தள்ளி ஓரமாக நிறுத்தி, ஹஸார்டு போட்டு, 108-க்கு அடியுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணும் இருக்கிறது. டிக்கியில் கவர் கூடப் பிரிக்காமல் கிடக்கிற சிவப்பு முக்கோணத்தை அப்போதாவது வெளியே எடுத்து, வண்டிகள் வருகிற திசையில் நன்றாகத் தள்ளி வையுங்கள். உதவப் போனால் கோர்ட், ஸ்டேஷன் என்று இழுப்பார்கள் என்ற பயம் இனி வேண்டாம், நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைக் காப்பாற்ற 134-ஏ என்று ஒரு பிரிவே இருக்கிறது, பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம், 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சையை அரசே பார்த்துக்கொள்கிறது.

புகார் விஷயம். கண்டபடி திட்டுவது போலீஸ் வேலை இல்லை, அதில் சாருக்கு வருத்தம் இருப்பது நியாயம், கொடுக்க அவருக்கு உரிமையும் இருக்கிறது. ஆனால் வக்கீலாகச் சொல்கிறேன், அந்தப் புகாரில் என்ன நடந்தது என்று வரிசையாக எழுதித் தர வேண்டும். ஆம்புலன்ஸ் நின்றது, நான் எழுபதில் வந்தேன், ஒருவர் நூலிழையில் தப்பினார் என்று தன் கையாலேயே எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுப்பார். என்னிடம் வந்திருந்தால் நான் எழுத விட்டிருக்க மாட்டேன்.

சிக்னல் கேள்விக்கு வருகிறேன். ஆம்புலன்ஸுக்கு வழிவிடுவது நம் கடமை, ஆனால் அதற்காகச் சிவப்பில் பாய்ந்து அந்தப் பக்கம் போக நமக்கு அனுமதி கிடையாது, சிக்னலைத் தாண்டும் சலுகை ஆம்புலன்ஸுக்குத்தான், அதுவும் பார்த்துத்தான் தாண்ட வேண்டும். முடிந்தவரை இடது பக்கம் நெருக்கி இடைவெளி உண்டாக்குங்கள். போலீஸ்காரர் முன்னால் வரச் சொல்லிக் கை காட்டினால் போகலாம். வேறு வழியே இல்லாமல் கோட்டைத் தாண்டி நாலடி முன்னால் போய் ஒதுங்கி நின்றீர்கள், கேமராவில் விழுந்து இ-சலான் வந்துவிட்டது என்றால் உடனே பணம் கட்டாதீர்கள். ஆன்லைனிலேயே ஆட்சேபம் தெரிவிக்க வழி இருக்கிறது, சலானோடு வருகிற படத்தில் பின்னால் ஆம்புலன்ஸ் தெரிகிறதா என்று பாருங்கள், டேஷ்கேம் இருந்தால் அந்தக் காட்சியை அழியாமல் எடுத்து வையுங்கள், நேரத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ஆனால் ஆம்புலன்ஸ் போன தடத்திலேயே அதன் வாலைப் பிடித்துக்கொண்டு சிக்னல் தாண்டிவிட்டு இந்தக் காரணத்தைச் சொன்னால் நடக்காது.

கடைசியாக டல்லாஸ். சார் அங்கே ஓட்டுவதாக இருந்தால் கிளம்புவதற்கு முன் உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளட்டும், ஒரு வருடம் செல்லும், நம் ஊர் லைசென்ஸையும் கூடவே எடுத்துப் போக வேண்டும். வாடகைக் கார் எடுப்பதாக இருந்தால் இன்ஷூரன்ஸில் இவர் பெயர் ஓட்டுநராகச் சேர்ந்திருக்கிறதா என்று பையனைப் பார்க்கச் சொல்லுங்கள். டெக்சாஸில் போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு மட்டுமில்லை, டோ டிரக், ரோடு வேலை வண்டி, குப்பை வண்டி வரை விளக்குப் போட்டு நின்றால் பக்கத்து லேனை விட்டு விலகிப் போக வேண்டும், விலக முடியாவிட்டால் அங்கே போட்டிருக்கும் வேக வரம்பைவிட 20 மைல் குறைக்க வேண்டும். எழுபது மைல் ரோடு என்றால் ஐம்பது. அது மைல், கிலோமீட்டர் இல்லை, சார் மீட்டரைப் பார்க்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும். நமக்கு நேர்மாறாக அங்கே ஓரம் என்பது வலது பக்கம், ஆகவே விலகுவது இடது பக்கமாக. அப்புறம் மஞ்சள் ஸ்கூல் பஸ், நம் ஊரிலிருந்து போகிறவர்கள் தடுமாறுகிற இடம் இது. அது சிவப்பு விளக்கை மின்னவிட்டு நின்றால் பின்னால் வருகிற வண்டி மட்டுமில்லை, எதிரே வருகிற வண்டியும் நிற்க வேண்டும், நடுவில் தடுப்போ மீடியனோ இருந்தால் மட்டும்தான் எதிர்ப்பக்கத்துக்கு விலக்கு. ஒருவேளை பின்னால் போலீஸ் கார் விளக்குப் போட்டால் வலது ஓரம் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கே மாதிரி கதவைத் திறந்து இறங்கிப் போய், எந்தச் சட்டத்தில் இருக்கு என்று கேட்கக் கூடாது. இதை நீங்கள் பக்கத்து சீட்டிலிருந்தே ஒரு தடவை சொல்லிவிடுங்கள், ஏர்போர்ட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்.